எதுக்குன்னு சொல்லாம வெட்டின துண்டு

முருக்கங்கொட்டாயில பூங்காவனம் பதம் பண்ணி வச்ச மான்தோலு, இன்னிக்கு எவ்ளோ வெட்டினாலும் நாளைக்குக் காலையில பால் வண்டி ஹாரன் அடிக்கறதுக்குள்ள முழுசா வளந்து கெடக்கும்ங்கறதுல ஊருல யாருக்கும் சந்தேகம் கெடையாது. சந்தேகமெல்லாம், இவ்ளோ நல்லது நடக்கற வீட்டுல அவ புருசன் வேடியப்பன் மட்டும் ஏன் வேப்பெண்ண குடிச்ச மூஞ்சியோட திரியறான்ங்கறதுலதான்.

அது ஒண்ணும் மாய மானு இல்ல. மலை ரோட்டுல, மூணாவது வளைவுல, தக்காளி லாரி இடிச்சு செத்த சாதாரணப் புள்ளிமானு. ஃபாரஸ்ட் கார்டு வந்தாரு, பாத்தாரு, "பொதைச்சிருங்க"ன்னாரு, வெயிலு தாங்காம போயிட்டாரு. ஊரும் பொதைச்சிருச்சு. மண்ணுல பொதைச்சாங்களா வயித்துல பொதைச்சாங்களான்னு கேக்கறவங்க இங்கயே எந்திரிச்சுப் போயிரலாம், கதைக்கு அது தேவையில்ல. தோலு மட்டும் வேலி மேல கெடந்துச்சு. ஈ மொய்க்கறதுக்கு முன்னாடி பூங்காவனம் அத தூக்கிட்டு வந்து, போன்ல எவனோ வெளிநாட்டுக்காரன் பேசற வீடியோவ, பேச்சு ஒரு எழுத்து வெளங்காம, அவன் கைய மட்டும் பாத்துப் பாத்து, உள்பக்கம் ஒட்டியிருந்த சவ்வ சொரண்டி, ரெண்டு படி கல்லுப்பு தேச்சு, நெழல்ல ஆணியடிச்சு இழுத்துக் கட்டி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொதிக்க வச்ச தண்ணியில எட்டு நாளு ஊறப் போட்டு, புங்கெண்ண தடவி, பந்தக்கால்ல போட்டு இப்பிடியும் அப்பிடியும் இழுத்து இழுத்து, வேட்டி மாதிரி மெத்துன்னு ஆக்கிட்டா. சவ்வு சொரண்ட அவ எடுத்தது வேடியப்பனோட அரம். பஞ்சர் ஒட்டறதுக்கு முன்னாடி டியூபு மேல தேய்ப்பாங்களே, அந்த அரம். வீட்டு அரம், வீட்டு வேலைக்கு எடுத்தா, கேக்கணும்னு அவளுக்குத் தோணல. ஆனா வேடியப்பனுக்கு அன்னிக்கே அடிவயித்துல ஒரு பொறி விழுந்துருச்சு.

ஏன்னா முருக்கங்கொட்டாயில எது கிழிஞ்சாலும் எது அறுந்தாலும் எது லொடலொடன்னு ஆடினாலும், மூணாவது வளைவுல இருக்கற வேடியப்பன் பஞ்சர் கடைக்குத்தான் வந்தாகணும்னு பதினேழு வருசமா ஒரு ஏற்பாடு இருந்துச்சு. யாரும் உக்காந்து பேசின ஏற்பாடு இல்ல, தானா வந்தது. பழைய லாரி டியூப நாடா நாடாவா கத்தரிச்சு அவன் செருப்புக்கு வாரு போடுவான், கட்டிலுக்கு இழுத்துக் கட்டுவான், கெணத்து வாளிக்கு ஒட்டுப் போடுவான், கேட்டுக்குக் கீலு பண்ணுவான், பேட்டரி மூடி இல்லாத டிவி ரிமோட்ட இறுக்கிக் குடுப்பான், கல்யாணத்துல பந்தல் மூங்கில முடிச்சுப் போடுவான், கால் ஒடிஞ்ச ஆட்டுக்குட்டிக்குத் தப்பையும் கட்டுவான். எத கொண்டாந்தாலும் அவன் வாயில வர்றது ஒரே வார்த்தை: "குடு, பாக்கலாம்." அந்த வார்த்தைய சொல்றப்ப அவன் நெஞ்சு கம்ப்ரசர் போட்ட டியூபாட்டம் ஒரு சுத்து பெருத்துக்கும். அத சொல்றதுக்காகவே அவன் சாப்புட்டான், தூங்கினான், காலையில கடைய தெறந்தான்.

தோலு பதமான மூணாவது நாளு, பக்கத்து வீட்டு மாதம்மாவோட செருப்பு வாரு பூங்காவனத்தோட வாசல்லயே அறுந்துச்சு. வளைவு வரைக்கும் வெறுங்கால்ல நடக்கணுமான்னு பூங்காவனம் தோலோட ஓரத்துல ஒரு சாண் வெட்டிக் குடுத்தா. வெட்டின வாரு செருப்போட ஒட்டின எடம் தெரியாம, பொறக்கும்போதே சேந்து பொறந்த மாதிரி ஒட்டிக்கிச்சு. மறுநாள் காலையில பாத்தா, வெட்டின எடத்துல தோலு வளந்து, அதுல ரெண்டு புதுப் புள்ளியும் வந்திருந்துச்சு.

"ஏம்மே, உன் தோலு வளருது," ன்னா மாதம்மா, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பல்லு வெளக்கிக்கிட்டே.

"ஆமாங்க்கா. முடி வெட்டினா வளரலையா, அப்பிடித்தான் போல," ன்னா பூங்காவனம்.

அவ்ளோதான் பேச்சு. மாதம்மா வாயக் கொப்புளிச்சுட்டு, அறுந்து போன கூடைப் பிடிய எடுத்துக்கிட்டு வந்துட்டா.

அப்புறம் ஊரே வந்துச்சு. வரவர அதுக்கு ஒரு முறையும் வந்துச்சு. வர்றவங்க தோலு மேல உள்ளங்கைய வைக்கணும். பூங்காவனம் "எதுக்கு?"ன்னு கேப்பா. வாளிக்கு, வாருக்கு, ஏர் கயித்துக்குன்னு எதுக்குங்கறத சத்தமா சொல்லணும். "எவ்ளோ?"ன்னு கேப்பா. ஒரு சாணோ ஒரு முழமோ சொல்லணும். அப்புறம்தான் வெட்டுவா. மாதம்மா ஒரு நாளு, "எதுக்குமில்ல, சும்மா வீட்ல கெடக்கட்டுமே"ன்னு கைய வச்சா. பூங்காவனம் கத்திய மடக்கி இடுப்புல சொருகிட்டா. "சும்மாவுக்கெல்லாம் தோலு கெடையாதுக்கா. வேலைய சொன்னாத்தான் துண்டுக்கு தன் அளவு தெரியும். போயி யோசிச்சுட்டு வா." இது அவளுக்கு எப்பிடித் தெரிஞ்சதுன்னா, தோலு பதம் பண்ணின கைக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்.

மான் செத்தாலும் அதோட சுபாவம் தோல்ல இருந்துச்சு. அதுக்கும் ஊரு பழகிக்கிச்சு. மாவு மில்லு தீர்த்தகிரி தன் மிஷினுக்கு பெல்ட்டா போட்டான், மாவு பூவா விழுந்துச்சு, ஆனா ரோட்டுல லாரி ஹாரன் கேட்டா மிஷினு ஒரு நிமிசம் நின்னு காத விடைச்சுட்டு அப்புறம்தான் ஓடும், அது வரைக்கும் கேழ்வரகு மூட்டையோட பொம்பளைங்க பேசாம நிப்பாங்க. மினி பஸ் அன்வர் சீட்டுக்குப் போட்டான், வளைவுல எதிர் வண்டி வர்றதுக்கு முன்னாடியே சீட்டு மயிரு சிலுத்துக்கும், அன்வர் பிரேக்குல கால வைப்பான். டீச்சரம்மா நாற்காலிக்குப் போட்டாங்க, அஞ்சு நிமிசத்துக்கு மேல அதுல உக்கார முடியாம துள்ளித் துள்ளி எந்திரிச்சாங்க, பள்ளிக்கூடம் தொறந்த நாள்ல இருந்து மொத மொறையா அந்தக் கிளாஸ்ல நின்னுக்கிட்டே பாடம் நடந்துச்சு. தோலுத் தொட்டில்ல போட்ட கொழந்தைங்க அஞ்சாம் மாசமே எந்திரிச்சு நின்னு சுத்தி முத்தியும் பாத்துச்சுங்க. நாயி கொரைச்சா, தோலு வாரு போட்ட செருப்புக்காரங்க எல்லாரும் பேசிட்டிருந்த பேச்ச பாதியில விட்டுட்டு நாலு எட்டு ஓடிட்டு, அப்புறம் திரும்பி வந்து விட்ட எடத்துல இருந்து பேசினாங்க.

ஃபாரஸ்ட் கார்டும் வந்தாரு, நோட்டோட. "மான்தோலு வச்சிருக்கறது குத்தம்மா."

"எந்த மானு சார்?" ன்னா பூங்காவனம்.

"செத்துச்சே, அந்த மானு."

"அந்த மானோட தோல ஊரே வெட்டித் தீத்து மூணு வாரமாச்சு. இது நேத்து ராத்திரி வளந்தது. இதுக்குன்னு எந்த மானு செத்துச்சு, நீங்களே எழுதுங்க."

கார்டு பேனாவ மூடி நெத்தியில தட்டி யோசிச்சாரு. யோசிக்கற நேரத்துல அவரு ஷூவோட அடி வாயப் பொளந்துக்கிட்டு நின்னத பூங்காவனம் பாத்தா. கொஞ்ச நேரங்கழிச்சு அவரு தோலு மேல கைய வச்சு, "அடிக்கு. ஒரு ஜோடி,"ன்னாரு. அன்னில இருந்து காட்டுக்குள்ள அவரு வர்றதும் தெரியாது போறதும் தெரியாது. மேலதிகாரிங்களுக்கும் தெரியாது.

இதெல்லாம் வேடியப்பன் கடையில உக்காந்தே பாத்தான். பாத்தான்னா, கண்ணுல பாக்கல, எண்ணினான். இன்னிக்கு அந்தப் பக்கம் பதினாறு பேரு, இந்தப் பக்கம் ஒருத்தன், அவனும் காத்து அடிக்க வந்தவன். அறுந்த பையோட, பிஞ்ச கொடையோட, சனங்க அவன் கடைய தாண்டி நடந்தே போயி அவன் பொண்டாட்டிகிட்ட நிக்கறாங்க. போறவங்க, "என்னண்ணா, சௌக்கியமா?" ன்னு வேற கேட்டுட்டுப் போவாங்க. அந்தக் கேள்விதான் அவன் காதுல ஆணி மாதிரி எறங்குச்சு.

"மழை வரட்டும், ஊறி நாறும் பாரு,"ன்னான் தீர்த்தகிரிகிட்ட. மழை வந்துச்சு. நாறல. "டியூபுன்னா சலிக்காது,"ன்னான் அன்வர்கிட்ட. "தோலு சலிக்குதுன்னு யாருண்ணா சொன்னா?" ன்னான் அன்வர். ஒரு நாளு ஒருத்தன் கழட்டி விட்டுட்டுப் போன தோலு வாரு செருப்ப எடுத்து, யாரும் பாக்கலன்னு உறுதி பண்ணிக்கிட்டு, பஞ்சர் பாக்கற தண்ணித் தொட்டில அமுக்கினான். எங்கயாச்சும் ஓட்ட இருந்தா காத்து முட்ட முட்டயா வரும், காட்டிக் குடுத்துரலாம்னு நெனப்பு. முட்ட வந்துச்சு. ஆனா ஓட்டையில இருந்து வர்ற மாதிரி சடசடன்னு வரல. ஒண்ணு வந்து, கொஞ்சம் நின்னு, ஒண்ணு வந்து, கொஞ்சம் நின்னு, தூங்கறவன் மூச்சு மாதிரி வந்துச்சு. வேடியப்பன் செருப்ப வெளிய எடுத்து ஒதறி, இருந்த எடத்துலயே வச்சுட்டு, "தண்ணி சரியில்ல"ன்னு தொட்டிய கவுத்துட்டான்.

ஊரு போனது கூட அவனுக்குப் பெருசில்ல, உண்மைய சொல்லப்போனா. பூங்காவனம் ஒரு தடவையாச்சும் கடை வாசல்ல வந்து நின்னு, எதையாச்சும் நீட்டி, "இத கொஞ்சம் பாத்துக் குடுய்யா"ன்னு சொல்லணும். அந்த ஒண்ணுதான் அவனுக்கு வேணும். அவகிட்ட போயி, "எனக்கு வருத்தமா இருக்குது பூங்கா"ன்னு சொல்லியிருந்தா விசயம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இல்லன்னா, ஊரு மாதிரி அவனும் போயி தோலு மேல கைய வச்சு ஒரு துண்டு கேட்டிருந்தாலும் முடிஞ்சிருக்கும். கேக்கறதுன்னா அவனுக்கு வரவே வராது. பொண்ணு கேட்டப்பவும் அவன் மாமன்தான் பேசினாரு, இவன் செவுத்த பாத்துட்டு உக்காந்திருந்தான். முப்பது நாளாச்சு. ஊருல எல்லார் வீட்லயும் அந்தத் தோலு இருந்துச்சு, அவன் ஒடம்புல மட்டும் அதுல ஒரு நூலு அளவு கெடையாது. அவ குடுப்பான்னு இவன் பாத்தான். இவன் கேப்பான்னு அவ பாத்தா. சோத்துத் தட்டுக்கு ரெண்டு பக்கமும் இப்பிடி உக்காந்தே ஒரு மாசத்த ஓட்டிட்டாங்க.

முப்பத்தொண்ணாம் நாளு காலையில வேடியப்பன் வீட்டு கேட்ட தெறந்தான். கேட்டு சத்தம் போடாம தெறந்துச்சு. குனிஞ்சு பாத்தான். கல்யாணமான புதுசுல, அவன் கையால கத்தரிச்சு, நாலு ஆணி வச்சு அடிச்ச டியூபுக் கீலு அங்க இல்ல. புள்ளி போட்ட தோலு இருந்துச்சு.

"கீல யாரு மாத்தினா?"

"நாந்தான். வெடிச்சுப் போயி தொங்கிட்டிருந்துச்சு," ன்னா பூங்காவனம், கொழம்புக்குப் புளி கரைச்சுக்கிட்டே.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"ஆறு மாசமா அது தொங்குது. தெனம் அது வழியாத்தான் நீ போற வர்ற. உனக்குத் தெரியலையேன்னு நானும் ஒண்ணு சொல்வேன். சொல்லட்டா?"

அவன் கேட்ட தெறந்தபடியே விட்டுட்டுக் கடைக்குப் போயிட்டான். ஆனா அந்தப் பொறி இப்ப அடிவயித்துல இருந்து நெஞ்சுக்கு ஏறிருச்சு.

மத்தியானம் பூங்காவனம் நூறு நாள் வேலைக்குப் போயிருந்த நேரமா பாத்து வேடியப்பன் வீட்டுக்கு வந்தான். கொடியில தோலு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. டியூபு கத்தரிக்கற கத்திய எடுத்தான். ஊரு பழக்கம் அவனையும் அறியாம கையில தொத்தியிருந்துச்சு போல, உள்ளங்கைய தோலு மேல வச்சான். கன்னுக்குட்டி வயிறு மாதிரி சூடா இருந்துச்சு. எதுக்குன்னு சொல்ல வாயத் தெறந்தான். வாயில ஒண்ணும் வரல. எதுக்கு? வாருக்கு இல்ல, வாளிக்கு இல்ல, அவளுக்கு வலிக்கணும், அவ்ளோதான், அதுக்கு என்ன பேரு சொல்றது? ஒண்ணும் சொல்லாமயே நடு மத்தியில கத்திய எறக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி சட்டைப் பையில திணிச்சுக்கிட்டு, திரும்பிப் பாக்காம கடைக்கு நடந்தான்.

அவன் கடைக்கு வந்து சேர்றதுக்குள்ள ஊரு அவுந்துருச்சு. தீர்த்தகிரி மில்லுல பெல்ட்டு நழுவி மாவு மேல விழுந்துச்சு. வாளி கெணத்துக்குள்ள போச்சு. டீச்சரம்மா நாற்காலியோட அடி கழண்டு விழுந்துச்சு, நல்லவேளை அவங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. தொட்டிலெல்லாம் மெதுவா தரைக்கு எறங்குச்சு, கொழந்தைங்க எறங்கி நடந்து வெளிய வந்துச்சுங்க. செருப்புக்காரங்க எல்லாரும் ஒரே நேரத்துல வெறுங்காலா நின்னாங்க. காட்டுக்குள்ள எங்கயோ கார்டு "ஐயோ"ன்னாரு, முதல் தடவையா அவரு இருக்கற எடம் எல்லாருக்கும் தெரிஞ்சுது.

மூணாவது வளைவுல கூட்டம் சேந்துச்சு. வாளியோட வந்தாங்க, வாரோட வந்தாங்க, பெல்ட்டோட வந்தாங்க. "அண்ணா, இத கொஞ்சம் பாருண்ணா." "மாப்ள, எனக்கு மொதல்ல முடிச்சுக் குடு." வேடியப்பன் எந்திரிச்சு லுங்கிய மடிச்சுக் கட்டினான். "குடு, பாக்கலாம்,"ன்னான். முப்பத்தொரு நாளு கழிச்சு அந்த வார்த்தை வாயில வந்தப்ப அவன் கண்ணே கலங்கிருச்சு. அரம் எடுத்தான், தேச்சான், சொல்யூஷன் தடவினான், ஊதினான், ஒட்டினான், சுத்தியல்ல தட்டினான், "அடுத்து"ன்னான். கத்தரிக்கற டியூபு பறந்துச்சு. சட்டைப் பையில இருந்த துண்டு மட்டும் நெஞ்சுக்கு எதிர்ல சூடா உக்காந்திருந்துச்சு.

சாயங்காலம் கூட்டம் வழி விட்டுச்சு. பூங்காவனம் வந்தா. வேலை செஞ்ச எடத்து மண்ணு கூட கழுவாம, தோள்ல தோல போட்டுக்கிட்டு வந்தா. கடை வாசல்ல நின்னா. தோல எடுத்து நீட்டினா.

"இதுல நடுவுல ஓட்ட விழுந்திருக்குது. இத கொஞ்சம் பாத்துக் குடுய்யா."

எந்த வார்த்தைக்காக அவன் ஒரு மாசம் காஞ்சு கெடந்தானோ அதே வார்த்தை. எழுத்துக்கு எழுத்து அதே. ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. பையில இருக்கற துண்ட எடுத்து வச்சா ஓட்டையில கச்சிதமா உக்காந்துரும், இந்தத் திருட்டுப் பயலோட மானமும் அதோட சேந்து உக்காந்துரும். வேடியப்பன் அவ மூஞ்சிய பாக்கல. தோல வாங்கி மடியில விரிச்சான். ஓட்டையச் சுத்தி அரத்த வச்சுத் தேச்சான். தோலு ஒரு தடவ சிலுத்துக்கிச்சு. சொல்யூஷன் தடவி, வட்டமா ஒரு கருப்பு டியூப வெட்டி வச்சு, சுத்தியல்ல நாலு தட்டு தட்டிக் குடுத்தான்.

பூங்காவனம் அந்தக் கருப்பு வட்டத்த தடவிப் பாத்தா. அப்புறம் அவன் சட்டைப் பைய ஒரு தடவ பாத்தா. "ஒட்டு சுத்தமா இருக்குது,"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

அதுக்கப்புறம் அந்தத் தோலு வளரல. ஊரு ஒரு நாளு "அடடா"ன்னுச்சு, மறுநாளு டியூபுக்குத் திரும்பிருச்சு. மழை நின்னா கொடைய மடக்கறோம்ல, அந்த மாதிரி. வேடியப்பன் கடையில எப்பவும் ஆளு. ஆனா அவன் அத அனுபவிக்க முடிஞ்சுதா? மொத நாளு காலையிலயே ஆணியில மாட்டியிருந்த சட்டை எடை தாங்காம கீழ விழுந்து கெடந்துச்சு. பை கிழிஞ்சு, அந்த உள்ளங்கைத் துண்டு ஒரு முழு மான்தோலா வெளிய தொங்குச்சு. அவ பாக்கறதுக்குள்ள சுருட்டிக் கடைக்குக் கொண்டு போனான். மறுநாளு அது ரெண்டு மானு அளவு. அதுக்கு மறுநாளு நாலு மானு அளவு. வாருன்னு சொல்லி வெட்டினது வாரா நிக்கும், வாளிக்குன்னு வெட்டினது வாளியோட நிக்கும். ஒண்ணுமே சொல்லாம வெட்டினதுக்கு எங்க நிக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தா? அது பாட்டுக்கு வளந்துச்சு.

பழைய டயருக்குள்ள திணிச்சான். கம்ப்ரசருக்குப் பின்னாடி அமுக்கினான். கூரைக்கும் தகரத்துக்கும் நடுவுல சொருவினான். "குடு, பாக்கலாம்"ன்னு சொல்லிட்டு உள்ள ஓடுவான், அவுந்து வந்தத ஒதச்சுத் தள்ளிட்டு மூச்சு வாங்க வெளிய வருவான். அன்வரோட ஸ்டெப்னி டயருக்குள்ளயும் ரெண்டு மானு அளவு திணிச்சு விட்டான். மறுநாள் அன்வர் வந்து, "அண்ணா, பஸ்ஸு பள்ளத்துல எறங்க மாட்டேங்குது, தாண்டிருது. பாசஞ்சரெல்லாம் நல்லாருக்குதுன்னுதான் சொல்றாங்க, இருந்தாலும் கேட்டுடலாம்னு,"ன்னான். "ரோடு சரியில்ல,"ன்னான் வேடியப்பன்.

இதுல அவனுக்குப் பொறுக்காதது ஒண்ணு இருந்துச்சு. தோலு போச்சேன்னு பூங்காவனம் அழல. மூக்க சிந்தல. கருப்பு ஒட்டுப் போட்ட அந்தத் தோல விரிச்சு அது மேல மொளகா காய வச்சா, பாட்டு முணுமுணுத்தா, படுத்ததும் தூங்கினா. அவன்தான் ஒரு ஊருக்கு வேண்டிய அதிசயத்த முதுகுல அடக்கிக்கிட்டு வேத்து ஊத்தி நிக்கறான். எடுத்தவன் எரியறான், குடுத்தவ குளுந்து கெடக்கறா. அந்தக் குளுமை மேல அவனுக்கு வந்த பொறாமை இருக்குதே, தோலு மேல வந்தது அதுல கால்வாசி கூட இல்ல.

அஞ்சாம் நாளு காலையில அவன் கடைக்குப் போறதுக்கு முன்னாடியே ஷட்டரு தானா தூக்கிக்கிட்டு நின்னுச்சு. உள்ள இருந்து தோலு வழிஞ்சு, பெஞ்ச தாண்டி, தண்ணித் தொட்டிய தாண்டி, தார் ரோடு வரைக்கும் புள்ளி புள்ளியா வந்திருந்துச்சு. சுத்தி ஊரு நின்னுச்சு. வேடியப்பன் சாவியும் கையுமா நின்னான். இப்ப ஒருத்தன் "திருடா"ன்னு சொல்வான், எவளாச்சும் காறித் துப்புவா, வாங்கிக்கலாம், வாங்கினாத்தான் நெஞ்சு எறங்கும்னு கண்ண மூடிக்கிட்டான்.

"அட, இங்கயா இருக்குது," ன்னா மாதம்மா.

"அதான பாத்தேன், எங்க போயிருக்கும்னு," ன்னான் தீர்த்தகிரி. "அண்ணா, பெல்ட்டுக்கு நாலு முழம். டியூபு போட்டதுல இருந்து மாவுல கருப்பா வருது, பொம்பளைங்க திட்டறாங்க."

அவ்ளோதான். ஒருத்தர் கேக்கல. திட்டறதுக்குக் கூட அவன் அவங்களுக்கு அவ்ளோ பெரிய விசயமா படல, வேலை கெடக்குது அவங்கவங்களுக்கு. வரிசை நின்னுருச்சு. வேடியப்பன் வேற வழியில்லாம கத்திய எடுத்தான். தீர்த்தகிரி தோலு மேல கைய வச்சான். வச்சுட்டு இவன் வாயவே பாத்தான்.

"கேளுண்ணா. கேட்டாத்தான நான் சொல்ல முடியும்."

"எதுக்கு?" ன்னான் வேடியப்பன். குரலு கீச்சுன்னு வந்துச்சு.

"பெல்ட்டுக்கு."

வெட்டினான். நாலு முழம் வெட்டினா நாப்பது முழம் உள்ள சுருங்குச்சு, அளவு கெடைச்ச நிம்மதியில. எதுக்கு, வாளிக்கு. எதுக்கு, வாருக்கு. எதுக்கு, தொட்டிலுக்கு. ஒவ்வொருத்தரும் சொல்லச் சொல்ல தோலு ரோட்டுல இருந்து பெஞ்சுக்கு, பெஞ்சுல இருந்து படிக்கு, படியில இருந்து கடைக்குள்ளன்னு பின்வாங்குச்சு. கார்டு ஷூவோட வந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்துட்டு, "அதேதான்,"ன்னு வாங்கிக்கிட்டாரு. வெயிலு உச்சிக்கு வந்துச்சு. வேடியப்பன் நிமிந்து, "அடுத்து,"ன்னான்.

வரிசையில கடைசி ஆளா பூங்காவனம் நின்னா.

எப்ப வந்து நின்னான்னு அவனுக்குத் தெரியல. வாங்கினவங்க யாரும் வீட்டுக்குப் போகல, துண்ட கையில வச்சுக்கிட்டு அப்பிடியே நின்னாங்க. கடையில மிச்சம் ஒரு மானு அளவுதான் இருந்துச்சு. பூங்காவனம் முன்னாடி வந்து, எல்லாரையும் மாதிரி, உள்ளங்கைய தோலு மேல வச்சா. வச்சுட்டு நிமிந்து அவன நேரா பாத்தா.

வேடியப்பன் கத்திய கீழ வச்சான். "இது... இது உன்னோடது," ன்னான்.

"வரிசையில நின்னு வந்திருக்கறேன். கேக்கறத கேளுய்யா."

"எதுக்கு?"

"எம் புருசனுக்கு வாயி தெறக்க மாட்டேங்குது, அதுக்கு ஏதாச்சும் கீலு போட முடியுமான்னு பாக்கலாம்னுதான் வந்தேன்," ன்னா. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. மாதம்மா சிரிப்பு தாங்காம தீர்த்தகிரி முதுகுல அடிச்சா. பூங்காவனம் சிரிக்கல. சிரிப்பு அடங்கட்டும்னு நின்னா. அப்புறம் கொஞ்சம் தாழ்ந்த குரல்ல, ஆனா எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான், "உக்கார்றதுக்கு,"ன்னா.

"எவ்ளோ?"

"நானும் நீயும் உக்கார்ற அளவு. இடிச்சுக்கிட்டு உக்கார்ற அளவு போதும், அதிகம் வேணாம்."

வேடியப்பன் கத்திய தோலு மேல வச்சான். கோடு நேரா போகல, கோணலாத்தான் வெட்டினான். தோலு மிச்சம் வைக்காம அந்த அளவுக்கே அடங்கி, அவன் கையில நின்னுச்சு. அவ அத வாங்கி, ஒதறி, கக்கத்துல சுருட்டி வச்சுக்கிட்டு, "சோறு ஆறுது, வா," ன்னு சொல்லிட்டு வளைவுல ஏறி நடந்தா.

அவன் நின்ன எடத்துலயே நின்னான். முப்பத்தஞ்சு நாளா அவன் தொண்டையில குறுக்கால நின்ன "எனக்கு வேணும்"ங்கற வார்த்தைய, ஊரு முன்னாடி, வெயில்ல, உப்பு கேக்கற மாதிரி அவ்ளோ லேசா கேட்டுட்டுப் போறா பாரு அவ. எப்பிடி முடியுது அவளுக்கு? வேடியப்பனுக்கு மறுபடியும் வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.